எட்டு உருளிச் சொதி

கோமுவின் கழுத்தில் தாலி ஏறி இன்னும் ஒரு நாள் முழுசாக ஆகவில்லை. அதற்குள் கல்யாண வீட்டுக்கு இப்படி ஒரு விடியல் வரும் என்று யார் கண்டது?

ஆவணி பதினாலு, வியாழக்கிழமை. கோழி கூப்பிட்டுச் சற்று நேரம் ஆகியிருந்தது. புறவாசலில் வெந்நீர் அண்டாவை இறக்கும்போது அது ஒரு பக்கமாகச் சரிந்தது. சமையலுக்கு வந்திருந்த தவசுப்பிள்ளை சுடலையாண்டியின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின. வாழைக் குருத்தைச் சுற்றி, வில்வண்டியில் ஏற்றிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டி தெருமுனை திரும்புகிற மட்டும் அந்த மனுஷன் தன் கையைப் பற்றிப் பேசவே இல்லை.

"சொதியில யாரும் கை வச்சிராதீக! கை வச்சிராதீக!" என்று கத்திக்கொண்டே போனார்.

கை வைக்காமல் எப்படி? அன்றைக்குச் சொதி நாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடுவது நெல்லைச் சைவ வீடுகளில் உள்ள வழக்கம். தேங்காய்ப் பாலும் காயும் பாசிப்பருப்பும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு அது. பார்க்கச் சாது. கொஞ்சம் கவனம் பிசகினால் பால் திரிந்து, தண்ணீர் ஒரு பக்கமும் திப்பி ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும்.

கோமுவின் அப்பா தச்சநல்லூர் நாறும்பூநாத பிள்ளை, முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. ஏரலில் அரிசி வியாபாரம் செய்யும் அம்பலவாண பிள்ளை தன் இளைய மகன் ஆவுடையப்பனுக்குப் பெண் கேட்டு வந்தபோது நகைப் பேச்சையே எடுக்கவில்லை. "ரெண்டாம் நாள் சொதி மட்டும் சொதியா இருக்கணும், கேட்டீகளா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன கனம் என்று ஏரல்காரர்களுக்குத் தெரியும். மூத்த மகன் கல்யாணத்தில் சொதி திரிந்துபோனது. அம்பலவாண பிள்ளை மோர் வருமுன் இலையை விட்டு எழுந்தார். இந்தத் தேதி வரை அந்தச் சம்பந்தி வீட்டார் ஏரல் வாசலை மிதித்ததில்லை. அந்த மருமகள் ஒரு பொங்கலுக்குக்கூடத் தாய் வீட்டு வண்டி ஏறியதில்லை.

கோமுவுக்கு இருந்ததோ அப்பா ஒருவர்தான்.

* * *

"சொதி என்ன பெரிய கம்பசூத்திரமா? எங்க வீட்டுல மாசத்துக்கு ரெண்டு தடவை வைக்கேன்" என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள் சண்முகசுந்தரி. நாறும்பூநாத பிள்ளைக்கு அக்கா, கோமுவுக்கு அத்தை. டவுனில் வாழ்க்கைப்பட்டவள், குரலுக்குப் பேர் போனவள்.

தவசுப்பிள்ளையோடு வந்த கைத்துணை ஆட்கள் இரண்டு பேரும் சோறு வடிப்பார்கள், கிழங்கு பொரிப்பார்கள், இஞ்சிப் பச்சடி அரைப்பார்கள். சொதி உருளிப் பக்கம் மட்டும் சுடலையாண்டி அவர்களை அண்ட விட்டதில்லை. எனவே அத்தைதான் பெரிய அண்டாவை ஏற்றினாள். சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். ஒருத்தி விறகைத் தள்ளச் சொன்னாள், ஒருத்தி இழுக்கச் சொன்னாள். நாற்பது தேங்காய்ப் பால் அண்டாவில் இறங்கியது. பத்து மணிக்கு அத்தை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள், அடுப்பின் மேலேயே.

அவ்வளவுதான்.

அறை வீட்டில் பூத் தைத்துக்கொண்டிருந்த கோமுவுக்கு அத்தையின் குரல் கேட்டது. அத்தை கத்தினால் கவலை இல்லை. அத்தை மெல்லப் பேசினாள். அதுதான் அவளை எழுப்பிவிட்டது.

புறவாசலுக்கு ஓடி வந்து பார்த்தாள். அண்டாவில் மஞ்சள் தண்ணீரும் வெள்ளைத் திப்பியும். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"நாசமாப் போச்சுளா கோமு" என்றாள் அத்தை. "ஏரல்ல இருந்து சரியா அறுபத்து மூவரும் வந்து பந்தல்ல உக்காந்திருக்காவ. நான் என்னத்தைக் கொண்டுபோயி ஊத்துவேன்?"

கோமு அப்பாவைத் தேடினாள். நாறும்பூநாத பிள்ளை கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கையில் ஊதா அட்டை போட்ட நீள நோட்டு. விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டைப் பார்த்ததும் கோமு திறந்து கிடந்த புறவாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நோட்டு வெளியே வரக்கூடாத நோட்டு.

நாறும்பூநாத பிள்ளை வீட்டில் ஆறு வருஷமாகத் தவசுப்பிள்ளை ஒருவர் சமைக்கிறார் என்று ஊர் நம்பியிருந்தது. அப்படி ஒருவர் கிடையாது. கோமுவின் அம்மா காலமான மறுமாதமே, "வீட்டுக்கு ஒரு பொம்பளை வேண்டாமா? சோறு பொங்க யாரு இருக்கா?" என்று சொந்தக்காரர்கள் இரண்டாம் தாரத்துக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். "சமையலுக்கு ஆள் வச்சாச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லி அப்பா அவர்கள் வாயை அடைத்தார். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் புறவாசல் கதவைச் சாத்திவிட்டு அவரே சமைத்து, தப்பையும் திருத்தத்தையும் அந்த நோட்டில் எழுதிவைத்தார். அத்தைக்கு மட்டும் தெரியும். தெரிந்ததை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கோமுவும் அதே பொய்யைத்தான் வளர்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் சேக்காளிகள் கேட்டால், "எங்க தவசுப்பிள்ளை வச்சது" என்பாள். பெண் பார்க்க வந்த அன்று அவியலை ருசி பார்த்த மாமியார் பிரமநாயகி அம்மாள், "யாரு கைப்பக்குவம்மா இது?" என்று கேட்டபோதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "சமையலுக்கு ஆள் இருக்கு அத்தை" என்றுதான் சொன்னாள்.

* * *

நாறும்பூநாத பிள்ளை நோட்டை மூடினார். எழுந்து சட்டையைக் கழற்றிக் கிணற்றடிக் கொடியில் போட்டார்.

"அக்கா, எல்லாரும் உள்ள போங்க."

"ஏலே, என்ன செய்யப் போற?"

"சொதி வைக்கப் போறேன்."

அத்தை ஓடிவந்து புறவாசல் கதவைச் சாத்தினாள். "ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மாப்பிள்ளை வீட்டு ஆளுக பந்தல்ல இருக்காவ. பொண்ணைப் பெத்தவன் மேலுக்குச் சட்டை இல்லாம அடுப்பு ஊதிக்கிட்டு நின்னா, ஏரலுக்குப் போயி என்ன பேசுவாவ? இந்தப் பிள்ளைய நாளைக்கு அங்கன மதிப்பாவளா?"

"திரிஞ்ச சொதியப் போட்டா மதிப்பாவளாக்கும்?"

"நீ வீட்டுக்கு ரெண்டு பேருக்கு வச்சவன். இது அறுபத்து மூணு பேரு."

அந்த வார்த்தை அவரைத் தைத்தது. கோமு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்பாவுக்கு எப்போதுமே தன் மேல் சந்தேகம் அதிகம். நகல் எழுதி முடித்த தீர்ப்பை மூன்று தடவை ஒத்துப் பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்து திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இப்போதும் அண்டாவைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மறுபடியும் நோட்டைத் திறந்தார்.

"கோமு, இதை வாசி. எனக்குக் கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல."

கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது. கோமு அதைச் சொல்லவில்லை. வாசித்தாள்.

கோர்ட்டில் பழகிய கை, கோர்ட்டு மாதிரியே எழுதியிருந்தது. "குற்றம்: பால் திரிந்தது. காரணம்: எலுமிச்சம்பழம் அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தது. தீர்ப்பு: இறக்கி, விரல் பொறுக்கிற சூடு வந்த பின் பிழிக."

"அடுத்தது" என்றார் அப்பா.

"கோமு அம்மாவின் மூன்றாம் வருஷத் திவசத்துக்கு மறுநாள். பன்னிரண்டு பேர். குற்றம்: இறக்கிய பிறகும் பால் திரிந்தது. காரணம்: பாத்திரம் பெரிது. இறக்கினாலும் உள்ளுக்குள் கொதி அடங்கவில்லை. தீர்ப்பு: எட்டுப் பேருக்கு மேல் ஒரே பாத்திரத்தில் சொதி வைக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்றார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"அறுபத்து மூணு பேருக்கு எனக்கு வைக்கத் தெரியாது அக்கா. வாஸ்தவம். எட்டுப் பேருக்குத் தெரியும். எட்டு உருளி கொண்டாங்க. எட்டு அடுப்பு கூட்டுங்க."

கைத்துணை ஆட்களில் மூத்தவன் இசக்கி, "எட்டெட்டு அறுபத்து நாலு. ஒரு ஆளுக்கு மிச்சம்கூட இருக்கும் அண்ணாச்சி" என்றபடி கல்லைப் புரட்டத் தொடங்கினான்.

"தேங்காய்க்கு எங்க போவ? இருந்தது எல்லாம் அண்டாவுல போச்சே" என்றாள் அத்தை.

"தாம்பூலத்துக்கு வச்சிருக்கிற தேங்காய உடைங்க."

"போறவுகளுக்குத் தேங்காய் இல்லாம வெறும் வெத்திலையா குடுப்ப?"

"அவுகளுக்குப் போற தேங்காய்தான அக்கா? பையில போனா என்ன, வயித்துல போனா என்ன?"

அத்தையே அரிவாளை எடுத்துத் தேங்காய் உடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

* * *

அடுத்த இரண்டு மணி நேரத்தைக் கோமு தன் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

பக்கத்து வீடுகளிலிருந்து உருளிகள் சுவர் ஏறி வந்தன. ஒன்று பெரிது, ஒன்று நசுங்கியது, ஒன்றுக்குக் காது இல்லை. அப்பா ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி அளந்து, எங்கே நிறுத்துவது என்று கரித்துண்டால் கோடு போட்டார். மூன்றாம் பாலில் காயை வேகவிட்டார். பருப்பைச் சேர்த்தார். இரண்டாம் பாலை ஊற்றினார். ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்கு நகரும்போது மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனார். எட்டு அடுப்பும் ஒரே சமயத்தில் எரியவில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நூறு எண்ணும் நேரம் வித்தியாசம் வைத்திருந்தார். கடைசியாகக் கெட்டியான முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டுகிற கணத்தில் இறக்க வேண்டும். எட்டும் ஒன்றாக நுரை கட்டினால் ஒரு ஆள் என்ன செய்வான்?

கோமு நோட்டை வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமும் இந்த வீட்டில் நடந்தது இதுதான். அவர் அடுப்படியில் நிற்பார். அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பூகோளமும் சரித்திரமும் உரக்கப் படிப்பாள். "கரண்டியத் தொடாத, புஸ்தகத்தத் தொடு" என்பார். சமையலின் வாசம் அவளுக்குத் தெரியும். அப்பாவின் முதுகு தெரியும். அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

நாலாவது உருளியை இறக்கி வைத்துவிட்டு அப்பா நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"ஒங்க அம்மா இருபத்தேழு நாள் படுக்கையில கிடந்தால்லா" என்றார், இவளைப் பார்க்காமல். "ஒருநாள் தேங்காய்ப் பால் கஞ்சி வேணும்னா. எனக்கு எப்படின்னு தெரியல. மேல வீட்டு மயினிகிட்ட போயி நின்னேன். அவுகளுக்கு என்ன சோலியோ, கஞ்சி சாயங்காலந்தான் வந்துச்சு. அவ ரெண்டு வாய் குடிச்சா, போதும்னுட்டா."

ஐந்தாவது உருளியில் பாலை ஊற்றினார். கண் அதன் ஓரத்திலேயே இருந்தது.

"பொறவு நானே வச்சுப் பாத்தேன். அரை மணி நேர வேலைளா அது. வெறும் அரை மணி நேரம். அதைப் படிக்காம முப்பத்தெட்டு வயசு வரைக்கும் ஊரு உலகத்துத் தீர்ப்பையெல்லாம் நகல் எடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அப்போதுதான் ஆறாவது உருளி சட்டென்று பொங்கி எழுந்தது.

"அப்பா!"

அவர் துணியைத் தேடவில்லை. வெறுங்கையாலேயே காதுகளைப் பிடித்துத் தூக்கி மணலில் வைத்தார். குனிந்து பார்த்தார். சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் அறுபத்து மூன்று பேரையும் மறந்து கோமுவும் குனிந்தாள். நுரை அடங்கியது. அடியில் பால் பாலாகவே நின்றது.

"பிழைச்சுது" என்றார் அப்பா. விரல் நுனிகள் சிவந்திருந்தன. உடனே ஏழாவது அடுப்புக்குப் போய்விட்டார்.

எட்டு உருளியும் இறங்கியது. ஒவ்வொன்றிலும் விரலைத் தொட்டுப் பார்த்து, சூடு பொறுக்கும் என்று தெரிந்த பிறகே எலுமிச்சம்பழம் பிழிந்தார். ஒன்றுகூடத் திரியவில்லை.

* * *

பந்தலில் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தலைவாழை இலை. மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் அம்பலவாண பிள்ளை. விபூதி பட்டை பட்டையாக, பெரிய உடம்பு. இலைக்கு முன்னால் அவர் உட்காரும் தோரணையே முன்சீப் நாற்காலியில் உட்காருகிற மாதிரி இருந்தது.

சோற்றின் மேல் சொதி விழுந்தது. அவர் பிசையவில்லை. ஓரத்தில் வழிந்ததை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பந்தி முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது.

பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். ஒரு தடவை, இரண்டாவது தடவை, மூன்றாவது தடவையும் இலையில் சோறு விழுந்தது. இஞ்சிப் பச்சடியை நக்கிக்கொண்டார். மோர் வந்தபோது வேண்டாம் என்று கையை விரித்து மறித்தார். அவர் எழப் போகிறாரா என்று கோமு பார்த்தாள்.

"மோர் பொறவு. இன்னும் ஒரு கரண்டி சொதி" என்றார்.

மாப்பிள்ளை ஆவுடையப்பன் குனிந்த தலையோடு, "அப்பா நாலாம் தடவை வாங்கி நான் பாத்ததே இல்ல" என்று கோமுவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். அவன் அவளோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

அம்பலவாண பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துத் தாம்பாளத்திலிருந்து ஒரு மடிப்பு வேட்டியை எடுத்தார். சொதி நன்றாக அமைந்தால் மாப்பிள்ளை வீட்டார் சமைத்தவரைப் பந்திக்கு முன்னால் அழைத்து வேட்டி கொடுப்பது முறை.

"தவசுப்பிள்ளையக் கூப்பிடுங்கவே. முப்பது வருசமா சொதி சாப்பிடுதேன். இது என்ன கையா, வேற என்னமுமா?"

அடுக்களை நிலையில் நின்ற அத்தை ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. இசக்கியின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள். "இந்தா, இவருதான். போ, போயி வாங்கு."

இசக்கி இரண்டு அடி வந்தான். நின்றுவிட்டான். திரும்பி உள்ளே பார்த்தான். அவன் பார்த்த திசையில், நிலைக்குப் பின்னால், சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் தோள் கோமுவுக்குத் தெரிந்தது. ஒரு கை மட்டுமே நுழைந்திருந்தது. சிவந்த விரல்களால் மற்றக் கையை நுழைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

ஆறு வருஷத்தில் எத்தனை தடவை அவள் 'எங்க தவசுப்பிள்ளை' என்று சொல்லியிருப்பாள்! ஒரு தடவையாவது 'எங்க அப்பா' என்று சொல்லியிருக்கலாமே. பதினொரு வயசிலேயே தெரிந்திருக்க வேண்டியது. பதினேழில், புகுந்த வீட்டார் முன்னால், இப்போதுதான் தெரிகிறது.

புதுப்பெண் பந்தியில் வாய் திறக்கக் கூடாது. கோமு எழுந்து நின்றாள்.

"மாமா, அவரு வைக்கல. எங்க அப்பா வச்ச சொதி அது."

கரண்டிச் சத்தம் நின்றது.

"எங்க வீட்டுல தவசுப்பிள்ளை கிடையாது. ஆறு வருசமா அப்பாதான் பொங்குதாவ. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஏரல் அத்தை சாப்பிட்ட அவியலும் அப்பா வச்சதுதான். நான் பொய் சொல்லிட்டேன்."

"அட பாவி மகளே" என்று நிலையில் சாய்ந்துவிட்டாள் சண்முகசுந்தரி.

அம்பலவாண பிள்ளை கையில் வேட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். தவசுப்பிள்ளைக்குக் கொடுக்கும் வேட்டி அது. அதைச் சம்பந்திக்கு நீட்டினால் அவமானம். திரும்பத் தாம்பாளத்தில் வைத்தால் சொதிக்கு அவமானம். அந்தப் பெரிய மனிதர் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தது ஏரல்காரர்களுக்கே புதிசு.

நாறும்பூநாத பிள்ளை வெளியே வந்தார். பாதி நுழைத்த சட்டையை உருவித் தோளில் போட்டிருந்தார். வேட்டியெல்லாம் கரி, மார்பில் தேங்காய்ப் பூ. பந்தல் நடுவில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, என்ன யோசனை? சம்பந்தி மரியாதை நேத்தே செஞ்சாச்சு. இது சமைச்சவன் மரியாதை. அதைக் குடுங்க."

"சம்பந்தி, அது வந்து..."

"நான் படிச்சு எழுதி வாங்கின பேரு கோர்ட்டுல இருக்கு. இது நான் சுட்டுக்கிட்டு வாங்கின பேரு. ரொம்பப் பிந்தித்தான் வாங்குதேன், குடுங்க."

இரண்டு கைகளையும் நீட்டினார். வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கேயே பந்திக்கு முன்னாலேயே, தலையில் பரிவட்டமாகச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

அம்பலவாண பிள்ளை தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏலே ஆவுடையப்பா, மாமனாரு வீட்டுக்கு வருசத்துக்கு நாலு தடவை வரணும்லே. நானும் வருவேன்."

கோமு உட்கார்ந்தாள். கழுத்து நிமிர்ந்தே இருந்தது, ஒரு புதுப்பெண்ணுக்கு இருக்க வேண்டியதைவிட நாலு விரல் அதிகமாக.

பந்தி கலைந்த பின் மிச்சமிருந்த ஒரு ஆள் சொதியை அப்பாவுக்கு அவளே இலை போட்டுப் பரிமாறினாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு அரைச் சிட்டிகை கம்மி" என்றார்.

* * *

கதை அங்கேயே நின்றிருக்கலாம். பிரமநாயகி அம்மாள் விடவில்லை.

சாயங்காலம் வண்டி கட்டும் நேரத்தில், எல்லாரும் கேட்க, மருமகளின் கன்னத்தைத் தடவிச் சொன்னாள்: "அப்பன் கையில இப்படி இருந்தா மக கையில எப்படி இருக்கும்! ஞாயித்துக்கிழமை எங்க ஏரல் சொந்தம் அம்புட்டையும் வரச் சொல்லுதேன். மருமவ கைச் சொதி. என்னளா?"

கோமு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கோமுவைப் பார்த்தார். காலையிலிருந்து எட்டு அடுப்புக்கும் அசையாத மனுஷனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

தாய் வீட்டுச் சீர் என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. வெண்கலப் பானை, குத்துவிளக்கு, புஸ்தகப் பெட்டி. அவளுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது என்பது மட்டும் ஏரலில் யாருக்கும் தெரியாது.

வண்டி நகருமுன் அப்பா பக்கத்தில் வந்தார். தலையில் இன்னும் அந்தப் பரிவட்டம். துணியில் சுற்றிய ஒன்றை அவள் மடியில் வைத்தார்.

"அரிசி களையக்கூட ஒன்ன விட்டதில்ல நான். படிக்கட்டும், படிக்கட்டும்னே இருந்துட்டேன். ரெண்டையும் சேத்துப் படிச்சிருக்கலாம்லா. அது எனக்கு இன்னைக்கு மத்தியானந்தான் தோணுது பாரு." பரிவட்டத்தை இறுக்கிக்கொண்டார். "பைய ஓட்டுங்கவே" என்று வண்டிக்காரனிடம் சத்தம் போட்டுவிட்டு விலகி நின்றார்.

ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழே தாமிரபரணி தகதகவென்று கிடந்தது. படித்துறையில் யாரோ வேட்டி துவைத்து அடிக்கும் சத்தம் மேலே வந்தது. எதிரில் மாமியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். கோமு துணியை விலக்கினாள். ஊதா அட்டை. முதல் பக்கத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

"கார்த்திகை மூன்று. குற்றம்: சோறு குழைந்தது, கறி கருகியது. சாட்சி: கோமு, வயது பதினொன்று. 'நல்லா இருக்குப்பா' என்றாள். பொய்ச் சாட்சி. தீர்ப்பு: நாளை மறுபடியும்."

கோமு அதை இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை வாசிக்கும்போது தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள்.

"என்னளா சிரிப்பு?" என்றாள் பிரமநாயகி அம்மாள்.

நோட்டை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கோமு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, ஞாயித்துக்கிழமைச் சொதியப் பத்தி ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னைக்கே சொல்லிருதேன்."

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய விரலை அப்படியே நிறுத்தி, மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.